கருக்கும் நாட்குறிப்பும்

ஆண்டு பிறந்துவிட்டால், திருப்பூர் வட்டாரத்துப் பனியன் கம்பெனிகளும் நூல் வணிகர்களும் வழங்கும் நாட்குறிப்பேடுகள் நம் இல்லங்களுக்கு வந்து சேர்ந்துவிடுகின்றன. தடித்த அட்டை, பொன்னெழுத்தில் நிறுவனத்தின் பெயர், நாளொன்றுக்கு ஒரு பக்கம். அமராவதி அணையின் அடியில் வாழும் நமக்கும் அவற்றில் இரண்டொன்று கிடைக்கத்தான் செய்கின்றன. அவற்றில் நாம் எழுதுவது என்ன? பால் கணக்கு, சீட்டுக் கணக்கு, அந்த வாரம் எத்தனை ஷிப்ட் வேலை என்னும் கணக்கு. மனத்தின் கணக்கை எழுதுவோர் சிலரே. அச்சிலரும் எழுதியதைப் பெட்டியின் அடியில், துணிகளுக்குக் கீழே ஒளித்து வைக்கின்றனர். தென் மாவட்டங்களிலிருந்து வந்து, உடுமலையைச் சுற்றியும் திருப்பூரைச் சுற்றியும் உள்ள ஆலைகளின் விடுதிகளில் தங்கிப் பணிபுரியும் பெண்பிள்ளைகளுக்குத் தமக்கென்று பூட்டி வைக்கக் கிடைத்த இடம் அந்த ஒரு பெட்டிதான்.

துயரத்தை எழுதி வைப்பதால் துயரம் குறையுமா? இது மனநல மருத்துவர்க்கு மட்டும் உரிய கேள்வி என்று நாம் கருதவில்லை. இலக்கியத்திற்கும் உரியது; விசுவாச வாழ்வுக்கும் உரியது. ஆயினும் நம்மிடையே பக்தியுள்ள பெரியோர் சிலர் இதனை ஐயத்தோடு பார்க்கின்றனர். "மனப்பாரத்தை இறக்கி வைக்க நற்கருணைப் பேழை இருக்கிறது, ஒப்புரவு அருட்சாதனம் இருக்கிறது, ஏடு எதற்கு?" என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் அதில் ஒரு குழப்பம் உண்டு. ஒப்புரவு அருட்சாதனம் நாம் செய்த பாவத்திற்குரியது. பிறர் நமக்குச் செய்த பாவத்தின் வடுவைச் சுமப்பவர், முழந்தாளிட்டு எதை அறிக்கையிடுவது? பலர் தம் காயத்தையே தம் குற்றம்போல் அங்கே சொல்லிவிட்டு வருகின்றனர்; பாவமன்னிப்புப் பெற்றும் பாரம் குறையவில்லையே என்று பின்னர் மயங்குகின்றனர். குருவானவர் என்ன செய்வார்? இல்லாத பாவத்தை மன்னிக்க அவருக்கும் வழியில்லை.

இந்த மயக்கத்தைத் தெளிவாக்கிக்கொள்ள நம் கையில் ஒரு தமிழ் நூல் இருக்கிறது. 1992-இல் வெளிவந்த பாமாவின் 'கருக்கு'. தமிழ்க் கத்தோலிக்கப் பெண்மணி ஒருவர், தமிழ்க் கத்தோலிக்க வாழ்வின் உள்ளிருந்தே எழுதிய நூல். அதனை வெளியிட்டதும் மதுரையில் இயேசு சபையினர் நடத்திவந்த ஐடியாஸ் என்னும் சமுதாய ஆய்வு மையமே. இந்தச் செய்தியை நம் வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது. ஏனெனில் 'கருக்கு' திருச்சபைக்கு வெளியிலிருந்து எறியப்பட்ட கல் என்று இன்றும் சிலர் பேசக் கேட்கிறோம். அப்படிப் பேசுவோரில் எத்தனை பேர் அதன் அட்டையையேனும் திருப்பிப் பார்த்திருக்கிறார்கள் என்பது வேறு கேள்வி.

நூல் பிறந்த சூழலை நோக்குவோம். விருதுநகர் மாவட்டத்தில் வத்திராயிருப்பை அடுத்த புதுப்பட்டியில் 1958-இல் பிறந்தவர் பாமா. அவர் குடும்பம் தலித் கத்தோலிக்கக் குடும்பம். கன்னியர் நடத்திய பள்ளிகளில் பயின்றார்; ஆசிரியை ஆனார்; ஏழைப் பிள்ளைகளுக்கு, தம்மைப் போன்ற பிள்ளைகளுக்கு, உழைக்க வேண்டும் என்னும் ஆவலால் 26-ஆம் வயதில் துறவற சபை ஒன்றில் சேர்ந்தார். அங்கே அவர் கண்டதோ வசதி படைத்தோர் வீட்டுப் பிள்ளைகளுக்கான பள்ளிகளும், மடத்துக்குள்ளேயும் மறையாத சாதியும். ஏழாண்டுகளுக்குப் பின், 1992-இல், வெளியேறினார். கையில் வேலையில்லை, காசில்லை. துறவு உடையைக் களைந்து வந்த பெண்ணை ஊர் எப்படிப் பார்க்கும் என்பதும் நமக்குத் தெரியாததன்று. அந்நாளில் நண்பர்களின் தூண்டுதலால், தம் இளமைக் காலத்தை எழுதத் தொடங்கினார். நூலாக்க வேண்டும் என்று திட்டமிட்டு எழுதியதன்று. மூச்சு முட்டும்போது சன்னலைத் திறப்பதுபோல் எழுதியது. எழுதியதால் தாம் ஆறுதலும் வலிமையும் பெற்றதாக அவரே பின்னாளில் பல இடங்களில் கூறியிருக்கிறார்.

ஆகவே நாம் தேடிய வழக்கு இதுதான். துயரத்தில் இருந்த ஒருவர் தமக்காக எழுதினார், துயரம் தணிந்தது. ஆனால் எப்படித் தணிந்தது என்பதை நூலுக்குள் சென்று பார்த்தால்தான் விளங்கும். கொட்டித் தீர்த்தால் தணியும் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். 'கருக்கு' அப்படிக் கொட்டித் தீர்த்த நூலன்று.

முதலில் தலைப்பைக் கவனிப்போம். பனைமட்டையின் இரு ஓரங்களிலும் அரம்போல் பல் பல்லாய் நிற்பது கருக்கு. விறகு பொறுக்கச் செல்லும் பிள்ளைகளின் கையைக் கிழிப்பது அதுதான். இருபுறமும் கூர் உள்ள வாளைப் பற்றி எபிரேயர் திருமுகம் பேசுவதை நாமறிவோம். ஆசிரியை தம் முன்னுரையில் அதனை நினைவுகூர்கிறார். தம் கையைக் கிழித்த மட்டையையும் இறைவார்த்தையையும் ஒரே சொல்லில் சேர்த்துப் பார்க்கும் துணிவு, மறைக்கல்வி வகுப்பில் வளர்ந்த பிள்ளைக்கே வரும். இந்நூலின் கோபம் விவிலியம் படித்த கோபம் என்பது அங்கேயே தெரிந்துவிடுகிறது.

அடுத்து அமைப்பு. பிறப்பு, பள்ளி, மடம், வெளியேற்றம் என்று வரிசையாகச் செல்லும் தன்வரலாறு அன்று இது. ஒன்பது இயல்கள். ஒன்றில் ஊரும் மலையும் கண்மாயும், ஒன்றில் சாதிக் கலவரம், ஒன்றில் வேலை, ஒன்றில் விளையாட்டு, ஒன்றில் பக்தி. ஒவ்வோர் இயலும் குழந்தைப் பருவத்திற்குத் திரும்பிச் சென்று, வேறொரு பாதையில் மீண்டும் இந்நாளுக்கு வருகிறது. முதல் வாசிப்பில் இது சற்றுச் சலிப்புத் தரும். "இதைத்தான் முன்பே சொன்னாரே" என்று தோன்றும். இரண்டாம் வாசிப்பில்தான், திரும்பத் திரும்பச் செல்வதே இந்நூலின் வேலை என்று புரிகிறது. காயம் பட்ட இடத்தை நாக்கு தேடித் தேடிச் செல்வது போன்றது அது. ஆனால் ஒவ்வொரு முறையும் தொடும் இடம் சற்று விலகி இருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு. மூன்றாம் வகுப்புச் சிறுமி பள்ளி முடிந்து வேடிக்கை பார்த்துக்கொண்டே வீடு திரும்புகிறாள். அவள் தெருவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைச் சணல் கயிற்றின் நுனியைப் பிடித்துத் தொங்கவிட்டபடி எடுத்துச் சென்று, ஊர்ப் பெரிய மனிதர் ஒருவருக்குக் குனிந்து நீட்டுகிறார். பொட்டலம் அவிழ்ந்து விழுந்துவிடாதா என்று சிறுமிக்குச் சிரிப்பு. வீட்டுக்கு வந்து அண்ணனிடம் அதைச் சொல்லிச் சிரிக்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை. கைபட்டால் தீட்டு என்பதற்காகவே அப்படித் தூக்கிச் செல்ல வேண்டியிருக்கிறது என்று விளக்குகிறான். சிரிப்பு நிற்கிறது.

இந்நிகழ்ச்சியில் சிறுமிக்கு நேரடியாக யாரும் ஒன்றும் செய்யவில்லை. ஆனாலும் அவள் வாழ்வு அன்று இரண்டாகப் பிரிந்துவிட்டது. சாதாரண நாட்குறிப்பில் இது இடம்பெறுமா? "இன்று ஒன்றும் நடக்கவில்லை" என்றல்லவா எழுதியிருப்போம்! ஆசிரியை எழுதும்போது முதலில் அந்தச் சிரிப்பை முழுமையாகத் திருப்பித் தருகிறார். பின்னர்தான் அதனைப் பறிக்கிறார். தம் அன்றைய அறியாமையைக் கண்டு அவர் வெட்கப்படவுமில்லை, அதனை அழித்துத் திருத்தவுமில்லை. உள்ளதை உள்ளவாறு நினைவுகூரும் இந்தப் பொறுமையே நூலின் முதல் தகுதி என்று நாம் மதிப்பிடுகிறோம்.

இன்னொன்று தேங்காய் நிகழ்ச்சி. பள்ளியில் விளையாட்டாகத் தென்னை மரம் ஏறிய பிள்ளைகளுள் ஒருத்தி தொட்டபோது குரும்பை விழுந்துவிடுகிறது. மறுநாள் எல்லார் முன்னிலையிலும் சாதிப் பெயரோடு திருடி என்று ஏசப்படுகிறாள். பங்குக் குருவிடம் கடிதம் வாங்கி வந்தால்தான் வகுப்பில் இடம். அவரும் முதலில் அவளை நம்பவில்லை. மேலே நாம் கேட்ட கேள்வி இங்கே உயிர்பெற்று நிற்கிறது. இந்தச் சிறுமி எதை அறிக்கையிடுவாள்? திருடவில்லை, எனவே திருட்டை அறிக்கையிட இயலாது. திருடி எனப்பட்டதன் அவமானம் பாவம் அன்று. எனவே அதற்கு மன்னிப்பும் இல்லை. செல்ல இடமில்லாத அந்த அவமானம் இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்து ஒரு தாளைக் கண்டுபிடித்தது.

இங்கே அறிவியலார் சொல்வதையும் சற்றுக் கேட்கலாம். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னபேக்கர் 1986-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், கல்லூரி மாணவர்களை நான்கு நாள்கள் தொடர்ந்து, நாள்தோறும் 15 நிமிடம், தம் வாழ்வின் ஆறாத துயரத்தைப் பற்றி எழுதச் செய்தார். எழுதி முடித்த உடனே அவர்கள் மனம் முன்னிலும் சோர்ந்தது. ஆனால் அடுத்து வந்த மாதங்களில் அவர்கள் மருத்துவரை நாடிச் சென்றது குறைந்தது. அதற்குப் பின் நடந்த நூற்றுக்கு மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், பயன் உண்டு, ஆனால் பெரிதன்று என்கின்றனர். அந்த அடக்கம் நமக்குப் பிடித்திருக்கிறது. ஏடு எழுதினால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாருக்கும் நாம் சொல்லத் தேவையில்லை. கடுந்துயரத்தில் இருப்பவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்வதற்கு மாற்றாக ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கையில் கொடுப்பது அன்பும் ஆகாது.

அவ்வாய்வுகளில் நம்மைக் கவர்ந்த செய்தி வேறொன்று. எழுதியவர்களுள் அதிகப் பயன் பெற்றவர்களின் நடையில், நாளடைவில், காரண காரியம் காட்டும் சொற்கள் மிகுந்தனவாம். 'நான்' என்பதிலிருந்து பிறரை நோக்கியும் பிறரிலிருந்து 'நான்' என்பதற்கும் அவர்கள் பார்வை மாறி மாறிச் சென்றதாம். ஒரே துயரத்தை ஒரே சொற்களில் நாள்தோறும் எழுதியவர்க்கு அத்துணைப் பயன் இல்லை. அழுத இடத்திலேயே மீண்டும் மீண்டும் அழுவது வேறு. அழுத இடத்தைச் சுற்றிவந்து பார்ப்பது வேறு.

இந்த அளவுகோலோடு 'கருக்கு' நூலைத் திருப்பிப் பாருங்கள். பொட்டலத்தைக் கண்டு சிரித்த 'நான்', இயல்கள் செல்லச் செல்ல 'நாங்கள்' ஆகிறது. பண்ணையார் வீட்டுத் தொழுவத்தில் உழைத்து, மிச்சச் சோற்றை உயரத்திலிருந்து கொட்ட வாங்கிய பாட்டி வருகிறார். ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு அதிற் குறைந்த கூலி என்று வாங்கிய அத்தைமார் வருகின்றனர். தீப்பெட்டி ஆலைக்குச் செல்லும் பிள்ளைகள் வருகின்றனர். ஏன் இப்படி என்னும் கேள்வி ஒவ்வொருவரையும் ஒட்டி எழுகிறது. கலவர இயலில் ஒரு காட்சி: கல்லறைத் தோட்டம் பற்றிய சாதிச் சண்டைக்குப் பின் போலீசார் ஊருக்குள் புகுந்து ஆண்களைப் பிடித்துச் செல்ல, தப்பியோர் ஒளிந்து வாழ்கின்றனர். அந்நாளில் ஒருவருடைய மகன் இறந்துவிடுகிறான். தந்தை சேலை உடுத்திப் பெண்களோடு பெண்ணாக வந்து மகனின் முகத்தைப் பார்த்துச் செல்கிறார். இங்கே ஆசிரியையின் சொந்தத் துயரம் எங்கே இருக்கிறது? பின்னுக்குப் போய்விட்டது. துயரத்தை எழுதத் தொடங்கிய ஒருவர், பிறர் துயரத்தின் சாட்சியாக மாறிவிட்டார். அந்த மாற்றம் நிகழ்ந்த பக்கங்களில்தான் நூலின் மொழி மிகவும் நிமிர்ந்து நிற்கிறது.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். நூல் முழுவதும் அவ்வூர்த் தெருவின் பேச்சு வழக்கிலேயே எழுதப்பட்டுள்ளது. இலக்கணத் தமிழில் பழகிய அன்றைய வாசகர் பலர் முகம் சுளித்தனர். செந்தமிழில் எழுதும் நாம் அதனைப் பாராட்டுவது முரணாகத் தோன்றலாம். ஆயின் அழும்போது எவரும் இலக்கணம் பார்ப்பதில்லை. மேலும், எந்தத் தமிழில் ஒருவர் இழிவு செய்யப்பட்டாரோ அந்தத் தமிழிலேயே விடை சொல்வதில் ஒரு நீதி இருக்கிறது.

இவ்வாறு துயரத்தை ஏட்டில் எழுதுவது கிறிஸ்தவ மரபுக்குப் புதிதா என்றால், இல்லை. நம் மரபில் அதற்கு நீண்ட வரிசை உண்டு. எரேமியா தம் பிறந்த நாளையே சபித்துப் புலம்பியதை நம் முன்னோர் திருமறையிலிருந்து நீக்கிவிடவில்லை. அவர் சொல்லப் பாரூக்கு எழுதிய சுருளை யோயாக்கிம் அரசன் கத்தியால் அறுத்தறுத்துக் கணப்புத் தீயிலிட்டதும், அவர்கள் மீண்டும் முதலிலிருந்து எழுதியதும் எரேமியா நூல் 36-ஆம் அதிகாரத்தில் உள்ளன. 88-ஆம் திருப்பாடலோ ஒரு நம்பிக்கைச் சொல்லும் இன்றி இருளிலேயே முடிகிறது. நாம் அதனைத் திருப்புகழ்மாலையில் வாய்விட்டுச் செபிக்கிறோம். செபிக்கும்போது யாரும் அதன் ஆசிரியரைக் கடிந்துகொள்வதில்லை.

புனித அகுஸ்தீனார் 397-ஆம் ஆண்டையொட்டி எழுதத் தொடங்கிய தம் அறிக்கைகளில், தாய் மோனிக்காவின் மறைவைப் பற்றிச் சொல்லும் பகுதியை அனைவரும் படிக்க வேண்டும். 387-இல் ஓஸ்தியாவில் தாய் இறந்தபோது அவர் அழுகையை அடக்கிக்கொள்கிறார். அடக்கமும் விசுவாசமும் ஒன்றென எண்ணுகிறார். பின்னர்த் தனிமையில் உடைந்து அழுகிறார். அதனை எழுதும்போது, தாய்க்காகச் சிறிது நேரம் அழுததைக் கண்டு நகைப்பவர் நகைக்கட்டும் என்னும் பொருள்படச் சொல்கிறார். ஆயருக்கே தம் கண்ணீரைப் பொதுமக்கள் முன் வைக்கப் பத்தாண்டு தேவைப்பட்டது! புனித இஞ்ஞாசியாரின் ஆன்மிக நாட்குறிப்பில் 1544-45-ஆம் ஆண்டுக்குரிய பகுதிகள் எஞ்சியுள்ளன. திருப்பலியின்போது தமக்குக் கண்ணீர் வந்ததா இல்லையா என்பதை நாள்தோறும் குறித்திருக்கிறார், அந்தப் பழைய போர்வீரர்.

இவற்றினும் நமக்கு இங்கே நெருக்கமானது குழந்தை இயேசுவின் தெரேசம்மாளின் கதை. மேலாளரின் கட்டளையால் 1895-இல் பள்ளி நோட்டுப் புத்தகங்களில் எழுதத் தொடங்கினார். இறப்பதற்குச் சில மாதங்கள் முன், 1897-இல், விண்ணகமே இல்லையோ என்று தம் உள்ளத்தைச் சூழ்ந்த இருளைப் பற்றி எழுதினார். மேலும் எழுதினால் எங்கே இறைநிந்தனை ஆகிவிடுமோ என்று அஞ்சி நிறுத்திக்கொண்டார். 1898-இல் நூல் வெளிவந்தபோது உடன்பிறந்த சகோதரியான அன்னை ஆக்னஸ் பல இடங்களில் திருத்தியே வெளியிட்டார். அன்பினால்தான் திருத்தினார், அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் தெரேசம்மாள் எழுதியதை எழுதியவாறே உலகம் படிக்க 1956 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. துயரத்தின் ஏட்டைக் கண்டதும் நல்லவர்களின் முதல் எண்ணம் அதனை மென்மையாக்குவதே. தீய எண்ணத்தால் எரிக்கும் யோயாக்கிமைவிட, நல்லெண்ணத்தால் மழுங்கச் செய்வோரே அதிகம். 'கருக்கு' மழுங்காமல் வந்தது. அதற்குரிய பெருமையில் ஒரு பங்கு அதனை அச்சிடத் துணிந்த மதுரை மையத்திற்கு உண்டு.

இனிக் குறைகளைச் சொல்லாவிடில் நம் மதிப்பீடு முழுமை பெறாது. மடத்து வாழ்வைப் பேசும் பகுதிகள் ஊரைப் பேசும் பகுதிகளுக்கு ஈடாகவில்லை. ஊரில் ஒவ்வொருவர்க்கும் பட்டப்பெயர் உண்டு, நடை உண்டு, குரல் உண்டு. மடத்திலோ கன்னியர் அனைவரும் ஒரே முகமாகிவிடுகின்றனர். ஒரு சமையற்கட்டு, ஒரு செப அறை, ஓர் உரையாடல் என்று கண்முன் நிறுத்துவதற்குப் பதில், அங்கே பொதுவான தீர்ப்புகளே மிகுந்துள்ளன. பேசிய செய்தியே மீண்டும் பேசப்படுகிறது. மேலே சொன்ன அளவுகோலின்படி, அழுத இடத்திலேயே நின்று அழும் பக்கங்கள் இவை. வெளியேறிய அதே ஆண்டில் எழுதியவை என்பதே காரணம் என்று ஊகிக்கிறோம். ஊர் நினைவுகளுக்கு இருபது ஆண்டு வயது. மடத்து நினைவுகளுக்குச் சில மாத வயது. அகுஸ்தீனார் தாய்க்காகப் பத்தாண்டு காத்திருந்தார். நம் காலத்து ஆன்மிக எழுத்தாளர் அருள்தந்தை ஹென்றி நோவென், 1987 இறுதியில் தாம் உள்ளமுடைந்து கிடந்த ஆறு மாதங்களில் எழுதிய நாட்குறிப்பை 1996 வரை அச்சுக்குத் தரவில்லை. நண்பர்கள் வற்புறுத்திய பிறகே தந்தார். காத்திருக்க வசதி உள்ளவர்கள் அவர்கள். வேலையும் வீடும் இன்றி நின்ற ஒரு பெண்ணிடம் அந்தப் பொறுமையை எதிர்பார்ப்பது எளிதன்று என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். ஆயினும் பக்கத்தில் உள்ள எழுத்தைத்தான் திறனாய்வு பார்க்க வேண்டும். அவ்வகையில் அப்பகுதிகள் மெலிவானவையே.

இந்த இடத்தில், சிரிப்பைப் பறித்த அந்த அண்ணனும் பின்னாளில் எழுதினார் என்பது நினைவுக்கு வருகிறது. 2024-இல் மறைந்த அறிஞர் ராஜ் கௌதமனே அவர். 2002-இல் வந்த அவருடைய 'சிலுவைராஜ் சரித்திரம்' அதே ஊரையும் அதே கோயில் மணியோசையையும் கொண்ட தன்வரலாற்று நாவல். ஆனால் அவர் தம்மைப் படர்க்கையில் நிறுத்தி, எள்ளி நகையாடி, அகல நின்று சொல்கிறார். தங்கை அழுத இடத்தில் அண்ணன் சிரிக்கிறார். அச்சிரிப்பின் அடியில் ஓடுவது அதே உப்புநீர். ஒரே துயரத்தை எழுதித் தணிக்க ஒரே குடும்பத்தில் இருவேறு வழிகள் கண்டனர். இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்போர்க்குக் கிடைக்கும் பயன் பெரிது. இரண்டில் எது சிறந்தது என்று கேட்டால், நாவலாக அண்ணனுடையது, சாட்சியமாகத் தங்கையுடையது.

நூல் வந்த பின் நடந்தவை ஆசிரியைக்கு எளிதாக இல்லை. முதலில் வருந்தியவர்கள் அவர் ஊர்மக்களே. நம் வீட்டுச் செய்தியைச் சந்தியில் வைத்துவிட்டாளே என்று சினந்தனர். சில மாதங்கள் அவர் ஊருக்குள் செல்ல இயலவில்லை. பின்னர், படித்த இளைஞர்கள் நூலை எடுத்துரைக்க, அதே ஊர் அவரை ஏற்றுக்கொண்டது. திருச்சபையிலும் ஏறக்குறைய இதே நிலை. முதலில் மௌனம், பிறகு முணுமுணுப்பு. ஆனால் 2003 நவம்பரில் தமிழக ஆயர்கள் உரோமைக்குச் சென்றபோது, திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் திருச்சபைக்குள் நிலவும் சாதிப் பாகுபாட்டை வெளிப்படையாகக் கண்டித்துப் பேசினார். 2016-இல் இந்திய ஆயர் பேரவை தலித் மக்களின் மேம்பாட்டுக்கான கொள்கை அறிக்கையை வெளியிட்டு, தீண்டாமை நம் நடுவே இருப்பதை ஒப்புக்கொண்டது. இவை 'கருக்கு' நூலால் மட்டும் விளைந்தவை என்று சொல்வது மிகை. நீண்ட போராட்டங்களும் பல உயிர்களின் உழைப்பும் அதற்குப் பின்னால் உள்ளன. ஆனால் ஆயர்கள் பொதுச் சொற்களில் ஒப்புக்கொண்டதை, தேங்காயும் பொட்டலமுமாக நம் மடியில் வைத்தது அந்நூல்.

கறையைத் தெருவில் காட்டலாமா என்று கேட்போர்க்கு நம் விடை இதுவே: தெருவிலுள்ளோர் அதனை முன்பே கண்டுவிட்டனர்; காணாதவர்கள் கோயிலுக்குள் இருந்த நாம்தாம். லட்சுமி ஹோம்ஸ்ட்ராமின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2000-இல் வெளிவந்து, கிராஸ்வேர்டு விருது பெற்று, பல்கலைக்கழகங்களில் பாடமாகிவிட்டது. வெளிநாட்டு மாணவர் படிக்கும் நம் வீட்டுக் கதையை நாம் மட்டும் படிக்காமலிருப்பது விந்தை. பாமாவும் அங்கேயே நின்றுவிடவில்லை. உத்திரமேரூர்ப் பகுதியில் ஆசிரியையாகப் பணிபுரிந்துகொண்டே 'சங்கதி' (1994), 'கிசும்புக்காரன்' (1996), 'வன்மம்' (2002) என்று எழுதிச் சென்றார். 'சங்கதி'யில் அவர் 'நான்' என்று சொல்லும் இடங்கள் குறைந்து, தெருப் பெண்களின் பேச்சும் சிரிப்பும் வசவும் நிறைந்திருப்பதைக் காணலாம். முதல் ஏடு தன் பணியை முடித்துவிட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பங்குகளில் வாசகர் வட்டம் நடத்துவோர் இந்நூலை எடுப்பதாயின், சில குறிப்புகள். முதல் இயலிலிருந்து தொடங்க வேண்டா. வேலையைப் பற்றிய இயலிலும் விளையாட்டைப் பற்றிய இயலிலும் தொடங்குங்கள். நற்கருணை அப்பத்தைக் குறித்தும் பேயைக் குறித்தும் பெரியவர்கள் ஊட்டிய அச்சங்களைக் குழந்தை சோதித்துப் பார்க்கும் பகுதிகளுக்கு நம் மறைக்கல்வி ஆசிரியர்களே முதலில் சிரிப்பார்கள். மனத்துக்குள் படிப்பதைவிட ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர் கேட்பது நல்லது. அது வாய்மொழியாக எழுதப்பட்ட நூல். கொங்குத் தமிழ் பேசும் நமக்கு அந்தத் தென்பாண்டிச் சீமைச் சொற்கள் பல விளங்கா. அகராதியிலும் அகப்படா. ஞாயிறு திருப்பலிக்குப் பின் வரிசையாக விடுதிக்குத் திரும்பும் ஆலைப் பெண்பிள்ளைகளுள் அந்தப் பக்கத்து ஊர்களைச் சேர்ந்தோர் உண்டு. அவர்களை வட்டத்திற்கு அழைத்து, அச்சொற்களுக்குப் பொருள் கேளுங்கள்.